வாட்டர்லூ வாள் என்று சொல்லி விற்றார்கள்: பார்த்துச் சொல்லுங்கள்

கோவன்ட்ரி குமரன் | ஞாயிறு, இரவு 9:42

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக இங்கே வந்து வாசித்துவிட்டுப் போகிற ஆள் நான். எழுதுவது இதுதான் முதல் தடவை.

நேற்று ஒரு ஏலத்தில் என் முதல் வாளை வாங்கினேன். சீட்டில் "காலாட்படை அதிகாரியின் வாள், வாட்டர்லூ காலம்" என்று போட்டிருந்தார்கள். 220 பவுண்டுக்கு என் பக்கம் சுத்தியல் விழுந்தது. சந்தோஷமாகப் போய் பில்லை வாங்கினால் 286. ஏலக்காரர் கமிஷன் கால் பங்கு, அந்தக் கமிஷனுக்கு வரி வேறு. அதைப் பற்றி இங்கே பத்துப் பேர் எழுதியிருந்ததைப் படித்தும் மறந்துபோனது என் தவறு.

வீட்டுக்குப் படுக்கை விரிப்பில் சுற்றி, கயிறு கட்டி, ஏல பில்லைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். பக்கத்தில் இருந்த கிழவர் "மீன் பிடிக்கவா?" என்று கேட்டார். தலையாட்டி வைத்தேன். வீட்டில் கிடைத்த வரவேற்பு: "இருக்கிற அரிவாள்மணையே துருப்பிடித்துக் கிடக்கிறது, இதற்கு 286 பவுண்டா?"

படங்கள் போட்டிருக்கிறேன், விவரமும் சொல்கிறேன். அலகு முப்பத்திரண்டரை அங்குலம், லேசான வளைவு. கையை மறைக்கிற பித்தளைக் காப்பு கம்பி கம்பியாக இருக்கிறது, நடுவில் ஒரு கிரீடம், அதன் கீழே அழுக்கு அப்பிய இரண்டு எழுத்து. காப்பின் உள்பக்கத் துண்டு மட்டும் லொடலொட என்று ஆடுகிறது, உடைந்திருக்கிறதோ என்று பயம். பிடியில் கரடுமுரடான தோல், அதன் மேல் முறுக்குக் கம்பி. அலகில் பூவேலை தெரிகிறது, ஆனால் மிளகு தூவினது மாதிரி துருப்புள்ளி. பித்தளை உறை, இரண்டு வளையம், ஒரு இடத்தில் நசுங்கியிருக்கிறது.

மூன்று கேள்வி. அசலா? எந்த வருடம்? பித்தளை பாலிஷ் போட்டுப் பளபளவென்று ஆக்கிவிடலாமா?

---

ஊமைக்கொல்லன் | ஞாயிறு, இரவு 9:51

மூன்றாவது கேள்விக்கு மட்டும் இப்போதைக்குப் பதில்: கையை எடுங்கள் தம்பி. பாலிஷ் டப்பாவை மாடியில் கொண்டு போய் வையுங்கள். மற்றதை நாளை பேசலாம்.

உள்பக்கத் துண்டு ஆடுகிறது என்றீர்களே, அதில் கீல் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த இரண்டு எழுத்தும் என்னவென்று தெரிய வேண்டும். ஈரமில்லாத பழைய பனியன் துணியால் ஒத்தி எடுத்தால் போதும், தேய்க்க வேண்டாம்.

---

சாம்பல்குருவி | ஞாயிறு, இரவு 10:15

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் எழுத்து வி மாதிரி இருக்கிறது. விக்டோரியா பிறந்தது 1819, வாட்டர்லூ சண்டை 1815. பிறக்காத மகாராணியின் பெயரை வாளில் போட்டுக்கொண்டு எந்த அதிகாரி நெப்போலியனோடு சண்டைக்குப் போனாராம்?

---

கோவன்ட்ரி குமரன் | திங்கள், காலை 7:05

வி.ஆர். தான். பனியன் துணியால் ஒத்தினேன், இப்போது தெளிவாகத் தெரிகிறது. இரவு முழுக்கத் தூக்கம் வரவில்லை.

கீல் இருக்கிறது. உள்பக்கத் துண்டு கதவு மாதிரி மடங்குகிறது. அப்படியென்றால் உடையவில்லையா?

---

லூயிஷம் ரவி | திங்கள், காலை 8:30

உடையேல்லை தம்பி, அது அப்படித்தான். இடுப்பில தொங்கேக்க உள்பக்கக் காப்பு உடுப்பில உரஞ்சாமல் இருக்க மடக்கி வைக்கிறது. சண்டைக்கு எண்டால் விரிக்கிறது. அண்ணை வந்து மிச்சத்தை விளக்கமாச் சொல்லுவார், பொறுங்கோ.

---

ஊமைக்கொல்லன் | திங்கள், மாலை 6:20

சரி, உட்கார்ந்து எழுதுகிறேன்.

குமரன், உங்களை ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். பெயரைத்தான் தப்பாகச் சொன்னார்கள், பொருள் நல்ல பொருள். இந்தக் காப்புள்ள வாளை 1822 பேட்டர்ன் என்பார்கள், அதாவது 1822இல் ராணுவம் நிர்ணயித்த மாதிரி. கம்பிகளின் வளைவு பழைய தேவாலயங்களின் கூரான சன்னல் மாதிரி இருப்பதால் சேகரிப்பவர்கள் வாயில் இது கோதிக் ஹில்ட், அதாவது கோதிக் பிடி. 1892 வரைக்கும், சின்னச் சின்ன மாற்றத்தோடு, பிரிட்டிஷ் காலாட்படை அதிகாரியின் இடுப்பில் தொங்கியது இந்தக் குடும்பம்தான். எழுபது வருடம். அதனால் "1822 வாள்" என்று மட்டும் சொன்னால் வயது தெரியாது. உறுப்பு உறுப்பாகப் பார்க்க வேண்டும்.

முதலில் எழுத்து. வி.ஆர். என்றால் விக்டோரியா ரெஜினா, விக்டோரியா மகாராணி. ஆக 1837க்குப் பிறகு, அவர் பட்டத்துக்கு வந்த வருடம் அது. அதற்கு முன்பு ஜார்ஜுக்கு ஜி.ஆர்., வில்லியமுக்கு டபிள்யூ.ஆர்.

இரண்டாவது அலகு. முதலில் வந்த 1822 அலகின் முதுகு குழாய் மாதிரி உருண்டையாக, நுனி வரைக்கும் தடிப்பாக ஓடும். பார்க்க அழகு, வேலைக்கு உதவாது. வெட்டினால் ஆழமாக இறங்காது, குத்தினால் வளையும் என்று அப்போதே திட்டினார்கள். 1845இல் ஹென்றி வில்கின்சன் வடிவமைத்த புது அலகை ஏற்றுக்கொண்டார்கள். அதில் முதுகு தட்டை, பக்கவாட்டில் அகலமான பள்ளம். உங்கள் மூன்றாவது படத்தில் பள்ளம் நன்றாகத் தெரிகிறது. ஆக 1845க்குப் பிறகு.

மூன்றாவது அந்த லொடலொட கீல். அதைப் பற்றியும் புகார்தான். நாளாக ஆகத் தளர்ந்துபோகும், சண்டை நடுவில் மடங்கிக்கொள்ளும். 1854இல் அதை எடுத்துவிட்டு ஒரே துண்டாக வார்க்க ஆரம்பித்தார்கள்.

கூட்டிக் கழித்துப் பாருங்கள். 1845க்கும் 1854க்கும் நடுவில் ஒன்பது வருடம். கடையில் பழையதை வைத்து விற்றிருப்பார்கள், சிக்கனமான அதிகாரி பழைய காப்பில் புது அலகைப் போட்டிருப்பார், அதனால் இரண்டு மூன்று வருடம் இப்படி அப்படி இருக்கும். ஆனாலும் ஒரு எண்ணும் பெயரும் இல்லாமல் இவ்வளவு நெருங்க முடிகிற வாள் அதிகம் கிடையாது. ஆடுகிறதே என்று நீங்கள் பயந்த துண்டுதான் உங்கள் வாளின் பிறப்புச் சான்றிதழ்.

உண்மையான வாட்டர்லூ வாள் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் லீட்ஸில் உள்ள ராயல் ஆர்மரிஸ் ஆயுத மியூசியத்துக்கு ஒரு நாள் வாருங்கள். காலாட்படைக்கு நேரான, மெல்லிய 1796 வகை. கிரெனடியர் கம்பெனி, லைட் கம்பெனி அதிகாரிகளுக்கு நன்றாக வளைந்த 1803 வகை. லைட் குதிரைப்படை என்றால் லெ மார்ச்சன்ட் என்ற அதிகாரி பர்மிங்ஹாம் வாள்காரர் ஆஸ்போர்னோடு சேர்ந்து வடிவமைத்த 1796 சேபர், வளைந்த குதிரைப்படை வாள். நுனிப் பக்கம் அகன்று நம்மூர் வெட்டரிவாளின் சாயல் இருக்கும். லெ மார்ச்சன்ட் 1812இல் சலமாங்காவில் செத்துப்போனார், வாட்டர்லூவை அவரே பார்க்கவில்லை.

---

சேலம் சீனி | திங்கள், இரவு 8:02

அண்ணா, ஒரு சந்தேகம். அந்தக் காலத்து இங்கிலீஷ் வாளெல்லாம் நம் ஊர் உருக்கில்தான் செய்தார்கள் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். வூட்ஸ் எஃகு. இதுவும் அப்படித்தானே?

---

உலைக்களம் | திங்கள், இரவு 8:47

சீனி, ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் இல்லை.

வூட்ஸ் என்ற பெயர் நம் பக்கத்து உக்கு, உருக்கு என்ற சொல்லிலிருந்து போனது என்பார்கள். அதை இங்கிலாந்து விஞ்ஞானிகள் ஆராய்ந்ததும் உண்மை. 1795இல் ராயல் சொசைட்டியில் பியர்சன் அதைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். 1820 வாக்கில் மைக்கேல் ஃபாரடேயும் கத்திக்கடைக்காரரான ஸ்டோடார்ட்டும் அதே மாதிரி எஃகு செய்ய முயன்றார்கள். மின்சார ஃபாரடேயேதான். ஆனால் அதிகாரி வாள்கள் பெரும்பாலும் பர்மிங்ஹாம் பட்டறையில் அடித்தவை. ஷெஃபீல்டில் ஹன்ட்ஸ்மன் 1740களிலேயே மூசையில் எஃகு உருக்கும் முறையைக் கொண்டுவந்துவிட்டார், பிறகு அவர்களுக்கு நம் எஃகு தேவைப்படவில்லை.

நம் பக்கத்துத் தொடர்பு வேண்டுமென்றால் வேறு ஒன்று இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தில் இருந்த ஹீத் என்பவர் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை வைத்தார். அந்த இரும்பு ஷெஃபீல்டுக்குக் கப்பலேறியது. பிறகு இங்கிலாந்துக்குத் திரும்பி, எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை எடுத்தார். ஷெஃபீல்டு முதலாளிகள் முறையை எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுக்காமல் கோர்ட்டுக்கு இழுத்தடித்தார்கள். வழக்கு முடியும் முன்பே ஆள் போய்ச் சேர்ந்தார். குமரன் வாளில் பரங்கிப்பேட்டை இருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. இல்லை என்றே வைத்துக்கொள்வோம்.

---

லூயிஷம் ரவி | திங்கள், இரவு 11:10

தம்பி, பாலிஷ் கதைக்கு வாறன். என்ர கதையைக் கேட்டிட்டு முடிவெடுங்கோ.

நான் முதல் வாங்கினது ஒரு 1827 ரைஃபிள் அதிகாரி வாள். உங்கட மாதிரித்தான் காப்பு, ஆனால் பித்தளைக்குப் பதில் எஃகு, எழுத்துக்குப் பதில் கிரீடமும் ஊதுகொம்பும். அலகு கறுத்துப்போய் இருந்தது. கடையில இருந்து உப்புத்தாள் வாங்கி வந்து, ஒரு சனிக்கிழமை முழுக்க இருந்து தேய்ச்சன். பின்னேரம் பாத்தால் அலகு கண்ணாடி மாதிரி. முகம் பாக்கலாம்.

அடுத்த நாள்தான் யோசிச்சன், பூவேலை எங்கே? அமிலம் ஊத்திப் பொறிச்ச வேலை, கடதாசித் தடிப்புக் கூட ஆழம் இல்லை. பூவும் போச்சு, வித்த கடையின்ர பேரும் போச்சு, ஒரு ஓரத்தில இருந்த பெயரின்ர முதல் எழுத்துகளும் போச்சு. அதை நான் வாசிச்சு எழுதிக்கூட வைக்கேல்லை. வாங்கின விலையின்ர அரைவாசிக்குத்தான் பிறகு குடுத்தன். இப்ப அது யாற்ற வாள் எண்டு இந்த உலகத்தில ஒருத்தருக்கும் தெரியாது. நான் செய்த வேலை.

எண்ணெய், மெல்லிசான துணி, பொறுமை. சிவப்பாய் உதிர்ற துரு மட்டும்தான் எதிரி, கறுத்த நிறம் இருக்கட்டும். கடைசியில மியூசியங்கள் பாவிக்கிற ரெனசான்ஸ் மெழுகு கொஞ்சம் பூசிவிடுங்கோ. விரல் படாமல் கையுறை போடுங்கோ, வியர்வையின்ர உப்பு காணும் ஒரு ரேகைக்குத் துருப்பிடிக்க.

---

மெல்பர்ன் மணி | செவ்வாய், காலை 5:30

எல்லோரும் வயது சொல்லியாகிவிட்டது, போலியா என்று யாரும் கேட்கவில்லையே? இப்போது டேராடூன் பக்கத்திலிருந்து வரும் அலங்கார வாள்கள் இதே உருவத்தில் கிடைக்கின்றன. வாங்குபவர் நல்லவராக அலங்காரம் என்று சொல்லித்தான் வாங்குகிறார், மூன்றாவது கைக்குப் போகும்போது அது விக்டோரியா காலத்துக்குப் போய்விடுகிறது.

குமரன், மூன்று விஷயம் பாருங்கள். அலகின் முதுகைப் பிடியருகே தொட்டுப் பாருங்கள், பிறகு நுனியருகே. அசலில் பிடியருகே கிட்டத்தட்ட சுண்டுவிரல் நக அகலம் இருந்து, போகப் போக மெலிந்து, நுனியில் வெற்றுத் தகடாகிவிடும். போலியில் தகட்டை வெட்டியது போல முழுக்க ஒரே தடிப்பு. அடுத்தது பிடித்தோல். திருக்கை மீனின் தோல் என்றால் மணல் மணலாக உருண்டைப் பொடிகள், ஒன்று போல ஒன்று இருக்காது. போலியில் பிளாஸ்டிக் வார்ப்பு, எல்லாம் ஒரே அளவு. கடைசியாக, பிடிக்குக் கீழே அலகில் ஒரு பித்தளைப் பொட்டு, சுற்றி ஆறுமுனை நட்சத்திரம் இருக்கிறதா?

---

கோவன்ட்ரி குமரன் | செவ்வாய், மாலை 7:48

மணி அண்ணா, முதுகு மெலிகிறது. தோல் மணல்தான், பூதக்கண்ணாடியில் பார்த்தால் குட்டி குட்டி முத்து. சின்ன வயதில் கடற்கரையில் திருக்கையைத் தொட்ட ஞாபகம் வந்தது. ஒரு பக்கம் நடுவில் வெடித்து உள்ளே மரம் தெரிகிறது.

பொட்டு இருக்கிறது, நட்சத்திரமும் இருக்கிறது. இது யூதர்களின் நட்சத்திரமா? யூத அதிகாரியோ?

எண்ணெய் வைத்துப் பார்த்ததில் இன்னும் கிடைத்தது. பொட்டில் "சோதிக்கப்பட்டது" என்ற பொருளில் இங்கிலீஷ் எழுத்து. மறுபக்கம் கடைப் பெயர் பாதி, "லண்டன்" முழுசாக. முதுகில் எண் எதுவும் இல்லை, பல்குத்தும் குச்சியால் மெதுவாகத் தேடினேன். பூவேலை நடுவில் இரண்டு எழுத்து: ஜே, எச். அதற்கு மேலே ஒரு மானின் தலை.

இன்னொன்று. விளிம்பு கூராக இருக்கிறது. நகத்தில் வைத்தால் பிடிக்கிறது.

---

ஊமைக்கொல்லன் | செவ்வாய், இரவு 9:30

யூதத் தொடர்பு இல்லை தம்பி. வாரம் ஒருவர் இதைக் கேட்கிறார். அது வாள்காரர்கள் பொட்டைச் சுற்றிப் போட்ட அலங்காரம், அவ்வளவுதான். வில்கின்சன் வாளானால் பொட்டில் எச்.டபிள்யூ. என்று இருக்கும், மற்றவர்கள் உங்களுடையது போலச் "சோதிக்கப்பட்டது" என்று போட்டார்கள்.

எண் இல்லையே என்று வருத்தப்பட வேண்டாம். முதுகில் வரிசை எண் போட்டு, அதைப் பேரேட்டில் எழுதி வைத்த பழக்கம் வில்கின்சனுடையது, தொடங்கியதும் 1854இல்தான். அந்தப் பேரேடு இருப்பதால்தான் வில்கின்சன் வாளுக்கு மற்றதைவிட விலை. எண் வைத்து எந்த நாளில் சோதித்தார்கள், யாருக்கு விற்றார்கள் என்று கண்டுபிடிக்கலாம். உங்கள் வாள் அந்த வாசலுக்கு முந்தியது.

கடைப் பெயர் என்கிறீர்களே, அவர் கொல்லராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. தையல்காரராக இருக்கலாம். புதிதாகச் சேர்ந்த பையன் ஒரே கடைக்குப் போய்ச் சிவப்புக் கோட்டு, தொப்பி, பெல்ட், வாள் எல்லாம் வாங்கிக்கொண்டு வருவான். கடைக்காரர் பர்மிங்ஹாமில் வாளை வாங்கித் தன் பெயரைப் பொறிக்கச் சொல்லிவிடுவார். படைவீரனுக்கு அரசாங்கம் வாள் கொடுக்கும், அதில் ஆய்வாளர் முத்திரை இருக்கும். அதிகாரி தன் காசில் வாங்க வேண்டும். பதவியையே காசு கொடுத்து வாங்கிய காலம் அது, 1871 வரைக்கும் அப்படித்தான். வடிவம் இப்படி இருக்க வேண்டும் என்று மட்டும் ஆணை. அலகு நல்லதா, மட்டமா என்பது அப்பாவின் பணப்பையைப் பொறுத்தது. அதனால்தான் இரண்டு அதிகாரி வாள்கள் அச்சு அசலாக ஒன்றாக இருப்பதில்லை, எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததற்கும் அதுதான் காரணம்.

கூர் பற்றிச் சொன்னீர்கள், அது பெரிய செய்தி. சமாதான காலத்தில் அதிகாரி வாளுக்குக் கூர் வைப்பதில்லை, சலாம் அடிக்க எதற்குக் கூர்? போருக்குப் புறப்படும்போதுதான் சாணை பிடிப்பார்கள். 1914இலும் அந்த வழக்கம் இருந்தது. பின்னாளில் ஃபீல்டு மார்ஷல் ஆன மாண்ட்கொமரி அப்போது உங்கள் வாரிக்ஷயர் படைப்பிரிவில் சின்ன அதிகாரி. ஆகஸ்டில் பிரான்சில் முதல் சண்டை, புதிதாகச் சாணை பிடித்த வாளை உருவி "என் பின்னால் வாருங்கள்" என்று கத்திக்கொண்டு ஓடியிருக்கிறார். சில அடி தூரத்தில் உறை காலில் சிக்கித் தடாலென்று விழுந்து, வாள் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். எழுந்து பார்த்தால் முன்னால் ஓடியவர்களில் பலர் செத்துக் கிடந்தார்கள். அவரே எழுதி வைத்தது இது. வாள் அவரைக் காப்பாற்றியது என்றால் அது விழ வைத்ததால்தான்.

உங்கள் வாளில் கூரோடு வெட்டுத்தடமும் இருக்கிறதா? விளிம்பில் சின்னப் பள்ளங்கள்? இருந்தாலும் துள்ள வேண்டாம். பேரப்பிள்ளைகள் தோட்டத்தில் வேலிக்கட்டையோடு போட்ட சண்டையாகவும் இருக்கும்.

---

வேலூர்க்காரி | புதன், காலை 10:12

நடுவில் வந்து கெடுப்பதற்கு மன்னிக்கவும். இழையை ஆர்வமாகத்தான் படித்தேன், நல்ல விஷயமெல்லாம் இருக்கிறது. ஆனால் ஒன்று கேட்கத் தோன்றுகிறது.

நான் வேலூர்க் கோட்டைக்குப் பக்கத்தில் வளர்ந்தவள். 1806 ஜூலையில் ஆற்காட்டிலிருந்து ஜில்லெஸ்பியோடு வந்த 19ஆம் லைட் டிராகூன் குதிரைக்காரர்கள் அந்தக் கோட்டைக்குள் சிப்பாய்களை என்ன செய்தார்கள் என்று எங்கள் வாத்தியார் கதையாகச் சொல்வார். மேலே வர்ணித்தீர்களே, வெட்டரிவாள் சாயல் என்று, அது மாதிரி வாள்தானே அவர்கள் கையிலும் இருந்திருக்கும்? அதைக் காசு கொடுத்து வாங்கி, மெழுகு பூசி, ஹாலில் மாட்டுவது எப்படி முடிகிறது? சண்டைக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

---

சாம்பல்குருவி | புதன், காலை 10:40

வரலாறு வேறு, பொழுதுபோக்கு வேறு அக்கா.

---

உலைக்களம் | புதன், பிற்பகல் 1:05

குருவி, அப்படி ஒரே வரியில் தள்ளிவிட வேண்டாம். கேள்வி நியாயமானது. எனக்கும் கிழக்கிந்தியக் கம்பெனியின் சிங்கம், நின்ற கோலத்தில் கிரீடத்தைப் பிடித்துக்கொண்டிருக்குமே, அது பொறித்த ஒரு அலகு வந்தது. விலை குறைவு. இரண்டு நாள் மேசையில் வைத்துப் பார்த்தேன், திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஏன் என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியாது. அதே சமயம் என்னிடம் இருக்கிற மற்ற ஐந்தும் யாரை வெட்டின என்று எனக்குத் தெரியுமா? தெரியாது.

---

லூயிஷம் ரவி | புதன், மாலை 6:00

தங்கச்சி, நான் ஹாலில மாட்டிறேல்லை. அலுமாரிக்குள்ளதான். நாங்கள் ஆயுதத்தைக் கண்டு ஓடி வந்த ஆக்கள், பிள்ளையளுக்கு அதைச் சுவரில காட்ட எனக்கு விருப்பமில்லை. ஆனால் ஆற்ற எண்டு தேடுறது விடேலாமல் கிடக்கு. அதுக்கு மேல எனக்கும் விளக்கம் இல்லை.

---

வேலூர்க்காரி | புதன், மாலை 6:31

நன்றி ரவி அண்ணா. இந்தப் பதில் போதும். அந்த ஜே.எச். யார் என்று தெரிந்தால் எனக்கும் சொல்லுங்கள். நல்லவனாக இருந்தால் சரி.

---

சேலம் சீனி | புதன், இரவு 9:15

அப்புறம் ஒரு சின்னக் கேள்வி. குமரன் அண்ணா ஊருக்கு வரும்போது எனக்கு இந்த மாதிரி ஒன்று வாங்கி வர முடியுமா? பெட்டியில் போட்டால் போதாதா?

---

மெல்பர்ன் மணி | வியாழன், காலை 6:10

போதாது. இந்தியாவில் வாள் ஆயுதச் சட்டத்தில் வருகிறது, உரிமம் இல்லாமல் இறக்குமதி செய்தால் விமான நிலையத்திலேயே மாட்டிக்கொள்வார். கஷ்டப்பட்டுக் கொண்டுவந்துவிட்டாலும் நூறு வருடம் தாண்டிய பொருள் 1972 தொல்பொருள் சட்டப்படி திரும்ப வெளியே போகாது. ஆசையை எழும்பூர் மியூசியத்தில் தீர்த்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்துக்காரர்களும் கவனம். 50 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட வளைந்த வாளை விற்பதற்கு 2008இலிருந்து தடை இருக்கிறது. பழம்பொருளுக்கும் 1954க்கு முன்பு செய்ததற்கும் விலக்கு உண்டு, அதனால் குமரன் வாங்கியதில் தவறில்லை. ஆனால் பொது இடத்தில் தகுந்த காரணம் இல்லாமல் எடுத்துப் போவது குற்றம்தான். படுக்கை விரிப்பும் ஏல பில்லும் சரியான யோசனை. "மீன் பிடிக்க" என்று போலீசிடம் சொல்லாதீர்கள்.

---

கோவன்ட்ரி குமரன் | சனி, மாலை 4:26

இரண்டு நாள் ராத்திரி ஷிஃப்ட், அதனால்தான் காணவில்லை.

விளிம்பில் பள்ளம் இரண்டு இருக்கிறது, நுனியிலிருந்து ஒரு சாண் தூரத்தில். தோட்டத்துச் சண்டை என்றே வைத்துக்கொள்கிறேன்.

ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் பழைய ராணுவப் பட்டியல்கள் இலவசமாக இருக்கின்றன, உட்கார்ந்து பார்த்தேன். ஒவ்வொரு படைப்பிரிவாக, ஜே.எச். வருகிற பெயரையெல்லாம் ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். 1850 ஒரு வருடத்தில் பாதிப் பட்டியல் தாண்டவில்லை, அதற்குள் இரண்டு பக்கம் நிரம்பிவிட்டது. ஜான், ஜேம்ஸ், ஜோசப்... இந்த நாட்டில் வேறு பெயரே இல்லையா? குதிரைப்படையையும் ரைஃபிள் பிரிவையும் ஹைலாந்தர்களையும் தள்ளிவிட்டேன், அவர்களுக்கு வேறு வாள். அப்படியும் குறையவில்லை. மான் தலை எத்தனையோ குடும்பங்களுக்கு இருக்கிறது.

விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன்.

---

ஊமைக்கொல்லன் | சனி, மாலை 5:02

தம்பி. இப்போதுதான் இழையை முதலிலிருந்து படித்தேன், என் தலையில் நானே குட்டிக்கொள்ள வேண்டும். முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறீர்கள், நாங்கள் ஆறு பேரும் தாண்டிப் போய்விட்டோம்.

உறை பித்தளை என்றீர்கள்.

உங்கள் வாள் காலத்தில் சாதாரணக் காலாட்படை அதிகாரிக்குப் பித்தளைப் பூண் போட்ட கறுப்புத் தோல் உறை. படைப்பிரிவின் நிர்வாகத்தைப் பார்க்கும் அட்ஜுடண்டுக்கு எஃகு உறை. முழுப் பித்தளை உறை மேஜருக்கும் அதற்கு மேலே உள்ளவர்களுக்கும்தான். ஒரு படைப்பிரிவில் ஏழெட்டு ஜே.எச். இருக்கலாம், மேஜர், லெப்டினன்ட் கர்னலில் எத்தனை பேர் இருப்பார்கள்? நோட்டை எடுங்கள், பேனாவை எடுங்கள், அடிக்க ஆரம்பியுங்கள்.

---

மெல்பர்ன் மணி | சனி, மாலை 5:40

அவசரப்படாதீர்கள். அந்த உறை அந்த வாளோடுதான் பிறந்தது என்று யார் சொன்னது? ஏலக் கடையில் பெட்டி நிறைய உறை கிடக்கும், எது நுழைகிறதோ அதைச் செருகி விற்பார்கள். நானே ஏமாந்திருக்கிறேன். வாங்கி வந்து ஒரு வருடம் கழித்துத்தான் இரண்டுக்கும் முப்பது வருட இடைவெளி என்று தெரிந்தது.

அதோடு, கேப்டனாக இருந்தபோது வாங்கிய வாளுக்கு மேஜரானதும் புது உறை மட்டும் வாங்கியிருக்கலாம். அப்போது எந்த வருடத்துப் பட்டியலைப் பார்ப்பது?

---

ஊமைக்கொல்லன் | சனி, மாலை 6:15

மணி சொல்வது சரி. இரண்டாவது கேள்விக்கு பதில் எளிது, 1845இலிருந்து ஒரு பத்துப் பதினைந்து வருடத்துப் பட்டியல் முழுக்கப் பார்க்க வேண்டும். மேஜர்களை மட்டும் பார்ப்பதால் ஒரு வருடத்துக்கு ஒரு மாலை போதும்.

முதல் கேள்விக்கு ஒரு சோதனை இருக்கிறது. உறை நசுங்கியிருக்கிறது என்றீர்கள். நசுங்கல் உள்ளே மரப்பட்டையையும் அழுத்தியிருக்கும். வாளைச் செருகும்போதும் உருவும்போதும் அந்த இடம் அலகை உரசும். உறைவாயிலிருந்து நசுங்கல் எவ்வளவு தூரம் என்று அளந்து பாருங்கள். பிடியிலிருந்து அதே தூரத்தில் தொடங்கி நுனி வரைக்கும் அலகில் ஒரு கீறல் ஓட வேண்டும், அதற்கு மேலே கீறல் இருக்கக் கூடாது. கீறல் பளிச்சென்று இருந்தால் போன வாரம் விழுந்தது. சுற்றியுள்ள எஃகு மாதிரியே கறுத்திருந்தால் அவர்கள் இரண்டு பேரும் நெடுநாள் ஒன்றாகக் குடும்பம் நடத்தியிருக்கிறார்கள்.

---

கோவன்ட்ரி குமரன் | சனி, இரவு 7:31

தையல் டேப்பை வீட்டுக்காரியிடம் வாங்கி அளந்தேன். அவளே விளக்குப் பிடித்தாள்.

உறைவாயிலிருந்து நசுங்கல்: ஒன்பதேகால் அங்குலம்.

அலகில் கீறல் பூவேலையின் நடுவே, எச் எழுத்துக்குக் கொஞ்சம் கீழே ஆரம்பிக்கிறது. பிடியிலிருந்து ஒன்பதேகால். அங்கிருந்து ஒரே கோடாக நுனிக்கு ஓடுகிறது, மேலே ஒன்றும் இல்லை. நிறம் கறுப்பு. துருப்புள்ளி சில அந்தக் கோட்டின் மேலேயே ஏறியிருக்கின்றன.

1845 பட்டியலைத் திறந்துவிட்டேன்.